பச்சைக் கூடாரம்

தொட்டியில் மீன்கள் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் செத்து மிதந்த ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை.

கணவர் இருந்தவரை அந்த உப்புநீர்த் தொட்டி அவர் பாடு, அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வேலை முடிந்து வரும்போது மீன்கள் விழித்திருக்க வேண்டும் என்று, மாலையில் விளக்கு எரிந்து காலையில் அணைகிற மாதிரி டைமரை வைத்திருந்தார். அவர் போன பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. வெளியே வெயில் கொளுத்தும்போது, திரை இழுத்த கூடத்தில் மீன்களுக்கு நடுராத்திரி. பம்ப்பின் முனகலும் ஈர உப்பு வாசனையும் படுக்கையறைவரை வந்து அவள் தலையணையில் ஒட்டிக்கொண்டன. அவள் அழவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

மிச்சம் ஒரு மஞ்சள் மீன். அவர் விரலிலிருந்து தின்று பழகியது. அதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று மட்டும் அவளுக்கு இருந்தது.

கொழுந்தன் போனில் கேட்டான். "அண்ணி, அந்தப் பச்சை நட்சத்திர மீனுக்கு இறால் துண்டு குடுக்கறீங்கல்ல? அண்ணன் இடுக்கியில எடுத்து ஊட்டுவாரே."

"எல்லாத்துக்கும் சேர்த்து மேல தூவறேன்."

"ஐயோ, அது பத்தாது. பசிச்சா கையெல்லாம் ஊன்றிக்கிட்டு கூடாரம் மாதிரி நிக்கும். தூக்கக் கலக்கத்துல மீன் ஏதோ பொந்துன்னு நெனச்சு உள்ளே போய்ப் படுத்துக்கும். அப்படியே சுருட்டி முழுங்கிடும்."

அந்த மத்தியானமே இடுக்கியில் இறாலோடு போனாள். இருட்டுத் தண்ணீரில் அது நின்றுகொண்டிருந்தது, ஐந்து கைகளில், உயரமாக. மஞ்சள் மீன் அதன் எதிரே தயங்கியது. கண்ணாடியைத் தட்டினால் போதும். கை எழவில்லை. மீன் தானாகவே உள்ளே போனது. கைகள் முறுக்கிக்கொண்டன. கொஞ்சம் மணல் கிளம்பி அடங்கியது.

இடுக்கியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

உப்பு வாசனை நெருங்கியது. தரையில் ஏதோ ஈரமாக இழுபட்டது. கட்டில் ஒரு பக்கம் அமுங்கியது. பிறகு போர்வை மெல்ல மேலே எழுந்தது.

அவள் இழுக்கவில்லை.

உள்ளே பச்சை இருட்டு. குளிர்ச்சி. ஐந்து இடங்களில் மெத்தை குழிந்திருந்தது.

பயமாக இருந்தது. ஓட வேண்டும் என்று இருந்தது. அதுவும் அடங்கியது.

அவளுடைய ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.