ஒட்டகம் நட்ட கொடி

கணினியின் மேல் அம்மா ஒரு பழைய பூப்போட்ட துணியைப் போர்த்தி வைத்திருந்தாள். அண்ணன் இறந்துபோன பிறகு அந்தத் துணியை யாரும் விலக்கவில்லை. அப்பா அந்த மூலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அது. ஆஸ்பத்திரிக்குப் போன அண்ணன் வீடு திரும்பவில்லை. அவ்வளவுதான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

அண்ணனுக்கு ஒட்டகம் என்று பட்டப்பெயர். கழுத்து அப்படி! கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளாத நாளே கிடையாது. தங்கைக்கு உப்புமூட்டை என்று பெயர் வைத்தவனும் அவன்தான். நடக்கத் தெரிந்த பிறகும் அவன் முதுகிலேயே தொற்றிக்கொண்டு திரிந்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

"ஒட்டகம் இருக்கிற வரைக்கும் உப்புமூட்டைக்கு என்ன கவலை?" என்பான்.

'கடலோடி' என்ற இணைய விளையாட்டிலும் இருவருக்கும் அதே பெயர்கள்தான். பெரிய தீவு, காடு, ஓநாய், புதையல் எல்லாம் அதில் உண்டு. உப்புமூட்டைக்கு வழிதான் பிடிபடாது. கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போய்க் கடலில் விழுவாள்.

அதற்காகவே அண்ணன் ஒரு வேலை செய்தான். கடலோடிக்கென்று ஒரு வரைபடத் தளம் இருக்கிறது. தீவு முழுவதையும் அதில் பார்க்கலாம். விளையாடுபவர்களே அதில் கொடி நட்டு, அங்கே என்ன இருக்கிறது என்று மற்றவர்களுக்காக எழுதலாம். எழுதியது உண்மை என்றால் கொடி பச்சையாக இருக்கும்; பொய் என்று பலர் சொன்னால் சிவப்பாகிவிடும். இடிந்த கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒரு பெட்டி கிடந்தது. அந்த இடத்தில் கொடி நட்டு அவன் எழுதினான்: "இங்கே தினமும் பரிசு இருக்கும். – ஒட்டகம்."

பள்ளி விட்டு வந்ததும் தங்கைக்காக அந்தப் பெட்டியில் எதையாவது வைப்பான். ஒரு நாள் சங்கு, ஒரு நாள் சிவப்பு லாந்தர், ஒரு நாள் கோமாளித் தொப்பி.

"அண்ணா! என் பரிசை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க!" என்று ஒரு நாள் அவள் கத்தினாள்.

"கொடியைப் பார்த்து வந்திருப்பாங்க. பாவம், எவ்வளவு தூரம் நடந்தாங்களோ! எடுத்துக்கட்டும். இனிமே உனக்கு ஒண்ணு, வர்றவங்களுக்கு ஒண்ணு வைக்கிறேன். போதுமா?"

இப்போது அந்த விளையாட்டு துணிக்கு அடியில் கிடந்தது. அம்மாவின் போனில் கடலோடி ஓடாது. வரைபடம் மட்டும் திறக்கும். சாயங்காலம் அம்மா தையல் இயந்திரத்தில் உட்கார்ந்ததும் உப்புமூட்டை போனை எடுத்து, கொடி இருக்கிறதா என்று பார்ப்பாள். பள்ளியில் அண்ணன் பெயரை எடுத்துவிட்டார்கள். கொடியில் மட்டும் அது அப்படியே இருந்தது.

ஒரு நாள் பார்த்தால், பச்சையாக இருந்த கொடி சிவப்பாகியிருந்தது. கீழே விளையாடுபவர்கள் வரிசையாகக் கருத்து எழுதியிருந்தார்கள்.

"பெட்டி காலி. கொடியை எடுங்க."

"நானும் போனேன். ஒண்ணும் இல்ல."

"இந்த ஒட்டகம் சரியான புளுகன்."

புளுகனா? அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. "எங்க அண்ணன் புளுகன் இல்ல! நீதான் புளுகன்! உங்க தெருவே புளுகுத் தெரு!" என்று படபடவென்று எழுதி அனுப்பினாள். கோபம் கொஞ்சம் ஆறியது. கொடியின் சிவப்பு ஆறவில்லை.

தளத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் இருந்தார். அவருக்குத் தனியாக எழுதினாள்: "இது எங்க அண்ணன் நட்ட கொடி. அவன் செத்துப்போயிட்டான். தயவுசெய்து எடுத்துடாதீங்க."

மறுநாள் பதில் வந்திருந்தது.

"படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சும்மா. ஆனா பரிசு இருக்குன்னு நம்பி நிறைய பேர் போய் ஏமாந்துட்டு வர்றாங்களே. இந்த வாரக் கடைசி வரைக்கும் விட்டு வைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அழுகையை மூட்டியது. கொடிக்குக் கீழே புதிதாக ஒரு கருத்து இருந்தது. வாண்டு என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"நான் இப்பதான் சேர்ந்தேன். ஓநாய் கடிச்சுக் கடிச்சு திரும்பத் திரும்பச் செத்தேன். பரிசு இருக்கும்னு அப்பவும் போனேன். காலிப் பெட்டி. எனக்கு அழுகையா வந்துச்சு."

உப்புமூட்டை அதை மறுபடி மறுபடி படித்தாள். அண்ணன் இதைப் படித்திருந்தால் சண்டைக்கா போயிருப்பான்? 'ஐயோ பாவம்' என்று அடுத்த நிமிஷமே பெட்டியிடம் ஓடியிருப்பான்.

அவள் எழுந்து அம்மாவிடம் போனாள்.

"அம்மா, கம்ப்யூட்டரைப் போடணும்."

தையல் இயந்திரம் நின்றது. "வேணாம்டி. அது அப்படியே இருக்கட்டும்."

"அண்ணனைப் புளுகன்னு சொல்றாங்கம்மா."

"யாரு சொன்னது?" அம்மாவின் குரல் உடைந்தது. "அவன் வாயில பொய்யே வராதே!"

உப்புமூட்டை போனைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கொடியில் இருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அந்த மூலைக்குப் போய், துணியை எடுத்து மடித்து வைத்தாள். விசைப்பலகையில் மாம்பழச்சாற்றுக் கறை இருந்தது. அண்ணன் சிந்தியது. இருவரும் அதைப் பார்த்து அழுதார்கள். அழுது முடித்துத்தான் கணினியைப் போட்டார்கள்.

உப்புமூட்டைக்குத்தான் வழி பிடிபடாதே! அம்மா போனில் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இடப்பக்கம் போ. அடியே, இடப்பக்கம்! சோத்துக்கை எதுன்னு தெரியாதா? அது பக்கம் போகாதே!"

"போறேம்மா, கத்தாதே."

"அந்த நாய் ஏன் உன்னையே பார்க்குது?"

"அது ஓநாய்மா!"

"ஐயையோ! ஓடு, ஓடு!"

விழுந்து எழுந்து ஒரு வழியாகக் கலங்கரை விளக்கத்துக்கு வந்தார்கள். பெட்டி காலியாகத்தான் இருந்தது. பையைத் திறந்தாள். அண்ணன் கொடுத்த ஒவ்வொன்றும் அதில் பத்திரமாக இருந்தது. ஒன்றைக்கூட அவள் செலவழித்ததில்லை. சிவப்பு லாந்தரை எடுத்தாள். அதைக் கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை. திரும்ப உள்ளே வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"வேற ஏதாவது வையேன்" என்றாள் அம்மா மெதுவாக.

"எல்லாமே அவன் கொடுத்ததுதாம்மா."

லாந்தரைப் பெட்டியில் வைத்து மூடினாள். வாண்டுவின் கருத்துக்குக் கீழே எழுதினாள்: "மன்னிச்சுக்கோ. இன்னொரு தடவை போய்ப் பாரு. லாந்தரைக் கையில பிடிச்சா ஓநாய் கிட்டவே வராது."

அன்றிலிருந்து தினமும் அண்ணன் கொடுத்த பரிசு ஒன்று பெட்டிக்குப் போனது. சங்கு போனது. கோமாளித் தொப்பியும் போனது. ஒவ்வொன்றையும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள். கொடியில் சிவப்பு குறைந்து மஞ்சளானது. வாரக் கடைசியில் தளத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒரே ஒரு வரி எழுதினார்: "கொடி இருக்கட்டும்."

பிறகு ஒரு நாள் பை காலியாகிவிட்டது. அண்ணன் கொடுத்ததில் ஒன்றுமே மிச்சமில்லை. தீவின் கடற்கரையில் தானே பொறுக்கிய ஒரு சின்னச் சிப்பியை எடுத்துக்கொண்டு அவள் பெட்டியிடம் போனாள். அம்மா பக்கத்தில் இருந்தாள். அன்று அப்பாவும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு சால்வை இருந்தது. அதோடு ஒரு சீட்டு.

"ஒட்டகம் அண்ணாவுக்கு. தினமும் எங்களுக்கே கொடுக்கிறீங்களே, உங்களுக்கு யாரு கொடுப்பாங்க? குளிருக்குப் போத்திக்கோங்க. – வாண்டு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா எழுந்து வந்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். "என் பிள்ளைக்கு யாரோ சால்வை கொடுத்திருக்காங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஒட்டகத்துக்கு வர்றதை எல்லாம் இனிமே யாருடா சுமக்கிறது?"

"உப்புமூட்டைதான்" என்றாள் அவள்.

சால்வையை எடுத்துப் பைக்குள் பத்திரப்படுத்தினாள். சிப்பியைப் பெட்டியில் வைத்து மூடினாள். வரைபடத்தில் கொடி பச்சையாக இருந்தது.