எரிக்காத உடம்பு

"மறுபடியும் வந்துருச்சு பாரு, அந்த மருந்து வாடை!"

விடிந்தும் விடியாததுமாகப் பிச்சையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். தம்பி பொண்டாட்டி அகிலா பாலை இறக்கினாள். ஐயோ, அந்த நெடி அவளுக்கும்தான் அடித்தது!

சுந்தரம் செத்ததிலிருந்து வலையபட்டி வீட்டில் இப்படித்தான். புருஷன் உடம்பைச் சுடுகாட்டுக்கு அனுப்பாமல் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தவள் அகிலா. காரணம் கேட்ட யாருக்கும் அவள் பதில் சொல்லவில்லை. புனேயில் ராணுவ டாக்டருக்குப் படிக்கும் ஒரே மகன் ஸ்ரீதர் அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினான். நேற்றுத்தான் லீவில் வந்திருந்தான்.

"எரிக்காம என் தம்பிய அலைய விட்டுட்டா... இவ இனிமே இங்க இருக்கப்படாது! டேய், உங்காத்தாள எங்குட்டாச்சும் கொண்டுபோயி விடு!"

ஸ்ரீதர் வெடித்தான். "எங்கப்பாவுக்குக் கொள்ளி வைக்கக்கூட விடலையேம்மா... ஏம்மா?"

"என்னையக் கேக்காதய்யா..." அகிலா சேலைகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் பிச்சையம்மாள் சட்டென்று அடங்கினாள். கண் இமைக்கவில்லை. அவள் வாயிலிருந்து ஆம்பளைக் குரல் வந்தது. சுந்தரத்தின் குரல்!

"டேய் சிரீ... மொத நாளு பொணத்தப் பாத்து மயங்கி விழுந்துட்டு, கக்கூசுல தாப்பாப் போட்டுக்கிட்டு எனக்குப் போன் போட்டியே... ஊருக்கே வந்துர்றேன்ப்பான்னு அழுதியே..."

ஸ்ரீதருக்குக் குப்பென்று வேர்த்தது. அப்பாவைத் தவிர வேறு யாரிடமும் அவன் அதைச் சொன்னதில்லை.

"ஒன்னைய மாதிரி பயந்த பிள்ளைக என்னையத் தொட்டுப் படிக்கட்டும்னு நாந்தான்டா குடுக்கச் சொன்னேன். ஒன்னாலதான்னு நீ நொந்துபோவேன்னு, வெளிய சொல்லக்கூடாதுன்னு ஒங்கம்மாகிட்டச் சத்தியம் வாங்குனேன். அம்புட்டு ஏச்சையும் வாங்கிக்கிட்டு வாயத் தெறக்கலடா அவ... போகச் சொல்லாதீக..."

பிச்சையம்மாள் அப்படியே சுவரில் சரிந்தாள். கண் விழித்ததும், "என்னத்தா, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?" என்றாள். அவளுக்கு எதுவுமே நினைவில்லை. ஸ்ரீதர் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பாவி நான்... என்னென்ன பேசிப்புட்டேன்! போகாத ஆத்தா..." என்று அகிலாவின் கையிலிருந்த பையைப் பிடுங்கினாள்.

ஸ்ரீதர் அம்மாவின் தோளில் முகம் புதைத்தான்.

"அங்க மருந்துத் தொட்டியில வச்சிருப்பாகம்மா... அப்பாவுக்குக் குளிருமா?"

அகிலா அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"குளிராதுய்யா... பிள்ளைக கை நாளெல்லாம் படுதுல்ல!"