முக்காலி ஏறிய அத்தை

எங்கள் வீட்டில் ஊர் சுற்றப் போவதைப் பற்றிப் பேசுவார்கள். போக மாட்டார்கள். பேசி முடிப்பதற்குள்ளேயே எல்லோருக்கும் போய்வந்த களைப்பு வந்துவிடும்.

இந்த விடுமுறைக்கு மட்டும் பேச்சு முற்றிவிட்டது. அப்பா சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார். விரலை எடுத்த பிறகுதான் நாடே தெரிந்தது. அவ்வளவு சின்ன நாடு.

"இதுல பாதிக்கு மேல காடுதான்!" என்றார்.

மழைக்காடு. தட்டையாக, ஈரமாக, பச்சையாக இருக்குமாம். ஆற்றில் படகு பிடித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

"நான் ஒரு சிறுத்தை பிடிச்சிட்டு வருவேன்" என்றான் வாலு. வாலு என் தம்பி. பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்பவன்.

நான் சிறுத்தைக்கெல்லாம் ஆசைப்படவில்லை. எனக்குக் கண்ணாடித் தவளையைப் பார்க்க வேண்டும். அதன் வயிற்றுத் தோல் வழியாக இதயம் துடிப்பது தெரியுமாம். அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்துக்குப் பொருத்தமான தவளை.

ஒரே ஒரு சிக்கல். ஆறு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். நாங்கள் நான்கு பேர். மாமாவும் அத்தையும் வந்தால் சரியாகிவிடும். மாமா, அம்மாவின் தம்பி. அத்தை கல்யாணமாகிப் புதிதாக வந்தவர்.

"புதுப் பொண்ணு. நானே முறையா கூப்பிடறேன்" என்று அப்பா போன் செய்தார்.

அத்தை வரவில்லை என்றுவிட்டார். பிறகு அம்மா கூப்பிட்டபோதும் அதே பதில்.

"உங்ககிட்ட ஏன்னு சொன்னா?" என்றார் அம்மா.

"தைக்கத் துணி நிறைய இருக்காம்."

"என்கிட்ட பல்வலின்னு சொன்னா!"

"எதுவா இருந்தா என்ன? அவ வரலைன்னா உன் தம்பியும் வர மாட்டான். விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எங்கள் வீட்டு அகராதியில் 'அடுத்த வருஷம்' என்றால் 'நடக்காது' என்று பொருள். என் தவளையின் இதயம் நின்றே போய்விட்டது.

மறுநாள் நான் மாமா வீட்டுக்குப் போனேன். கெஞ்சுவது, கொஞ்சுவது, தேவைப்பட்டால் அழுவது என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன். கதவு திறந்தே இருந்தது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில், முக்காலிமேல் அத்தை நின்றுகொண்டிருந்தார். ஒரு கை சுவரில். கண்கள் இறுக்கமாக மூடியிருந்தன.

"அத்தை, பல்லியா?"

"இல்லடி. பழகுறேன்."

"என்ன பழகுறீங்க?"

"உயரம்." அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து தரையைப் பார்த்தார். உடனே மூடிக்கொண்டார். "உயரத்துல நின்னா எனக்குத் தலை சுத்தும். உங்க மாமாகிட்ட கூடச் சொல்லல. உங்க ஆசையைக் கெடுக்கவும் மனசு வரல. அதான் முக்காலில ஆரம்பிச்சிருக்கேன். அடுத்தது மேசை."

"அங்க உயரம் எங்க இருக்கு?"

"உங்க அப்பாதானே சொன்னாரு! மலைக்காடுன்னு! எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான்னு! அதைச் சொல்லி சந்தோஷமா சிரிக்க வேற செஞ்சாரு!"

எனக்குப் புரிந்துவிட்டது.

அப்பாவின் நாக்கில் 'ழ' உட்காராது. எவ்வளவு தள்ளினாலும் 'ல'வாகத்தான் வெளியே வரும். எங்களுக்குக் காது பழகிவிட்டது. அவர் 'மலை' என்றால் நாங்கள் குடையை எடுப்போம். அத்தை முக்காலியை எடுத்துவிட்டார்.

சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச நாளைக்கு முன்னால் கடையில் ஒருவர் அப்பாவைப் போலவே பேசிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அன்று வீட்டுக்கு வந்தபின் எதைக் கேட்டாலும் தலையை மட்டும்தான் ஆட்டினார்.

"அத்தை, அது மலை இல்ல. வானத்துலேருந்து விழுமே, அந்த மழை. மழைக்காடு."

"அப்படியா சொன்னாரு?"

"கரகரன்னு கேட்டிருக்கும். உங்க போன் ஓட்டை போன்."

புத்தம்புது போன் தையல் மெஷின்மேல் பளபளத்தது. நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பொய் சொல்வதில் எனக்கு இன்னும் நிறையப் பயிற்சி வேண்டும்.

"அங்க மேடே கிடையாதா?"

"இந்த முக்காலி உயரத்துக்குக் கூடக் கிடையாது."

அத்தை கீழே குதித்தார். "அப்போ நானும் வரேன்!"

என் தவளை மறுபடி துடிக்க ஆரம்பித்தது.

மாலையில் எல்லோரும் மாமா வீட்டில் கூடினோம். அப்பா ஆளுக்கொரு மழைக்கோட்டு வாங்கி வந்திருந்தார். அத்தைக்கு மஞ்சள்.

"போட்டுப் பாரும்மா. அங்க மலை கொட்டு கொட்டுன்னு கொட்டும்."

கோட்டின் பொத்தானிலேயே அத்தையின் கை நின்றது. அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலைக்கு மேலே இருந்த மின்விசிறியைக் கவனமாக ஆராய்ந்தேன். மாமா பாதிச் சிரிப்போடு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அத்தை அவர் காலை மிதித்தார்.

"நல்லா கொட்டட்டும் அண்ணா" என்றார் அத்தை. "மலையில நனையறதுன்னா எனக்கு உசிரு."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவின் பக்கம் பெருமையாகத் திரும்பினார்.

"பாத்தியா? இந்தப் பொண்ணு என்ன அலகா தமில் பேசுது!"