உலியானாவின் பனிக்கோழி

வரைபடத்தில் எங்கள் மலைத்தொடருக்குச் செர்ஸ்கி என்று பெயர். அவர் இந்தப் பக்கம் வந்த ஓர் ஆராய்ச்சிப் பயணி. அவருக்கு வழி காட்டியவர் எங்கள் கொள்ளுத்தாத்தா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பக்கத்துக் கூடாரத்து ப்ரோகோபிக்குத்தான் சந்தேகம்.

"வழி காட்டினது எங்க கொள்ளுத்தாத்தா. உங்காளு பின்னாடி மூட்டை தூக்கிட்டு வந்தாரு," என்று ஒரு நாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி அப்படி யாரும் பேசியதில்லை.

"மான் மந்தையைப் பிரிச்சிடுவோம்," என்றேன். "கணவாய்ல நாங்க தனியா ஏறிக்கிறோம்."

"தாராளமா," என்றான் அவன்.

அதோடு பேச்சு நின்றது.

அது ஆகஸ்ட் கடைசி. காளான் முளைக்கும் காலம். காளான் வாசனை பட்டால் துருவமான்கள் ஓரிடத்தில் நிற்காது. காட்டுக்குள் திசைக்கு ஒன்றாக ஓடும். என் தம்பி மூன்று நாளாக உட்காரக்கூட நேரமில்லாமல் அவற்றின் பின்னால் அலைந்தான். நாய்கள் காரணமில்லாமல் குரைத்தன. குளிர்கால மேய்ச்சலுக்குப் போக நாங்கள் தாண்ட வேண்டிய கணவாயில் பனி விழத் தொடங்கியிருந்தது.

தம்பி மகள் உலியானாவுக்குப் பத்து வயது. அவளும் உள்ளே வருவாள், வெளியே போவாள், மறுபடி உள்ளே வருவாள்.

"பெரியப்பா, பாதிப் பேர் போயிட்டா மானை எப்படிக் கணவாய்ல ஏத்துறது?"

"ஏத்துவோம்."

"போன வருஷம் எல்லாரும் இருந்தும் ஆறு மான் தொலைஞ்சுச்சே."

அவள் கண்ணிக் கயிற்றை எடுத்துக்கொண்டு புதர்ப் பக்கம் போய்விட்டாள்.

மதியம் ஒரு பனிக்கோழியோடு திரும்பினாள். அவளுடைய முதல் வேட்டை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவள் எங்கள் வாசலில் நிற்காமல் நடந்தாள்.

"எங்க போற?"

"முதல் வேட்டையை நம்ம வீட்ல சமைக்கக் கூடாதுல்ல. பக்கத்துக் கூடாரத்துக்கு நிமாத் கொடுக்கணும்."

"ஓடைக்கு அந்தப் பக்கம் மார்ஃபா கூடாரம் இருக்கு. அங்க கொடு."

"அது பக்கத்துக் கூடாரம் இல்லையே, பெரியப்பா. முறையை நாமளே மாத்தலாமா?"

மாற்றக் கூடாது. எங்கள் குடும்பம் ஒருபோதும் மாற்றியதில்லை. நான் கூடாரத்துக்குள் போய்விட்டேன். எட்டிப் பார்க்கவில்லை. கூடாரத் துணியில் ஒரு கிழிசல் இருந்தது, அவ்வளவுதான்.

ப்ரோகோபி வாசலில் சேணவார் தைத்துக்கொண்டிருந்தான். உலியானா பறவையை அவன் முன்னால் வைத்தாள்.

"மாமா, என் முதல் வேட்டை. நிமாத்."

"உங்க பெரியப்பா அனுப்பினாரா?"

"இல்ல. அவருக்குப் பிடிக்கவே இல்ல."

அவன் மீசையைத் தடவினான். வேட்டைக் கொடையான நிமாத்தை மறுக்க முடியாது. வாங்கியவன்தான் பங்கு போட வேண்டும். ஒவ்வொரு கூடாரத்துக்கும் தன் கையாலேயே கொண்டுபோக வேண்டும். பங்கு கொண்டுவந்தவனை உட்காரவைத்துத் தேநீர் கொடுக்காமல் அனுப்பவும் கூடாது.

"பெரிய காட்டெருமையைப் பிடிச்சிருக்கே," என்று முனகியபடி கத்தியை எடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் கூடாரத்துக்குள் வந்தான். கையில் ஒரு பனிக்கோழிக் கால்.

"உட்காரு," என்றேன். வேறு வழியில்லை.

இரண்டு கோப்பை குடித்தோம். மூன்றாவது கோப்பையில் அவன் தொண்டையைச் செருமினான்.

"கணவாய்ல பனி."

"தெரியும்."

"உன் தம்பி மட்டும் தனியாச் சமாளிப்பானா?"

"உன் ஆளுங்க சமாளிப்பாங்களா?"

அவன் கோப்பைக்குள் பார்த்தான். நானும் என் கோப்பைக்குள் பார்த்தேன்.

"சரி, சேர்ந்தே ஏறுவோம்," என்றான். "ஆனா முன்னாடி வழி காட்டுறது நான்."

"அது எப்படி? எங்க குடும்பம்தான்..."

"நானும் லூஷாவும் காட்டுறோம்," என்றாள் உலியானா, தேநீர் ஊற்றிக்கொண்டே. லூஷா ப்ரோகோபியின் மகள். "நீங்க ரெண்டு பேரும் கடைசில வாங்க. மான் ஒண்ணும் பின்தங்காம பாத்துக்கணும். அதுதான் கஷ்டமான வேலை."

கஷ்டமான வேலை என்றதும் நாங்கள் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

மறுநாள் மந்தை ஒன்றாகக் கணவாய் ஏறியது. முன்னால் அந்த இரண்டு சிறுமிகள். பின்னால் ப்ரோகோபியும் நானும், ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்தபடி. ஒரு மான்கூடத் தொலையவில்லை. உச்சியில் மூச்சு வாங்க உட்கார்ந்தது நாங்கள் இருவர் மட்டும்தான்.