கெமிக்கல் ரூம் கம்ப்யூட்டர்

ஆம்பூர் நெருங்க நெருங்க பஸ்ஸிலிருந்த வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவராக ஜன்னலை இழுத்து மூடினார்கள். கிருபா மூடவில்லை. சுண்ணாம்பும் ஊறிய தோலும் சேர்ந்து அழுகின முட்டை போல அடித்த அந்த வாடை அவள் முகத்தில் மோதியது. மோதட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். தை மாதம் குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. சாப்பாட்டில் உப்பு கூடினாலும் தெரியாது. கணவன் டைட்டஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும், அவன் எழுந்து போன பிறகுதான் தெரியும்.

வேலூரில் அவள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையின் முதலாளி சுந்தரமூர்த்தி, இன்னும் ஒரு மாதம் வீட்டில் இரு என்றுதான் சொன்னார். அவள்தான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். பாலாற்றங்கரையில் ஒரு தோல் தொழிற்சாலை. அவர்களிடம் தோல் வாங்கும் ஐரோப்பியக் கம்பெனி புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருந்தது. பழைய விண்டோஸ் 98 ஒரு கம்ப்யூட்டரில்கூட இருக்கக் கூடாது. எல்லாம் எக்ஸ்பிக்கு மாற வேண்டும், புதிய பாதுகாப்பு அப்டேட்டும் ஏற்றியிருக்க வேண்டும். பாஸ்வேர்ட் இல்லாமல் ஒரு மெஷினும் திறக்கக் கூடாது. திங்கட்கிழமை ஆடிட்டர் வருகிறார். தேறாவிட்டால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை. மேனேஜர் முனீர் அகமதும் வாட்ச்மேன் பஞ்சாட்சரமும் மட்டும் இருந்தார்கள். ஷெட்டுக்குள் தோல் பதனிடும் மர டிரம்கள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, அசையாமல் வரிசையாக நின்றன. முன் ஆபீஸ் மெஷின்கள் தொல்லை கொடுக்கவில்லை. பழைய ஃபைல்களை எடுத்து வைத்தாள், மெமரி கூட்டினாள், சிடி போட்டாள், பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தாள். மதியத்துக்குள் ஒன்றைத் தவிர எல்லாம் முடிந்தது.

மிச்சமிருந்தது கெமிக்கல் ரூமில் இருந்தது. டிரம்களுக்குப் பின்னால் தனியாக ஒரு அறை. எந்த டிரம்முக்கு எவ்வளவு கெமிக்கல் போகிறது என்று அங்கே உட்கார்ந்து முன்பு டைப் அடிப்பார்களாம். இப்போது யாரும் உட்காருவதில்லை என்றார் முனீர். ஆனால் கம்பெனிக்காரன் எண்ணி வைத்திருக்கிற மெஷின்களில் அதுவும் ஒன்று, விட முடியாது. சாவியைக் கொடுத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினவர் வாசலில் நின்று திரும்பினார்.

"வாடை அடிக்கிற வரைக்கும் பயம் இல்லம்மா. வாடை நின்னு போச்சுன்னா அங்க நிக்காத. வெளிய வந்துடு."

கிருபா சாவியோடு டிரம்களுக்குப் பின்னால் நடந்தாள்.

கதவின் உள்பக்கத்துக்கு மட்டும் புதிதாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். அவள் ஒரு செங்கல்லைத் தேடி எடுத்து, கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்தாள். கம்ப்யூட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மேஜையெல்லாம் தூசி. கீபோர்டில் மட்டும் தூசி இல்லை.

அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். பாஸ்வேர்ட் கேட்கும் சின்னப் பெட்டி வந்தது. பழைய விண்டோஸில் அது பெயருக்குத்தான். எஸ்கேப் அழுத்தினால் மறைந்துவிடும், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அவள் கையைக் கொண்டுபோவதற்கு முன்பே அது மறைந்தது.

எஸ்கேப் கட்டை சிக்கிக்கொண்டிருக்கும் என்று கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினாள். மறுபடி போட்டாள்.

பெட்டி வந்தது.

மறைந்தது.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே வெளியே ஓடியிருப்பார்கள். கிருபாவுக்குப் பயம் எங்கோ தூரத்தில், அடுத்த தெருவில் யாருக்கோ நடப்பதுபோல இருந்தது. சிடியைப் போட்டு, டிஸ்கை அழித்து, புதியதை ஏற்ற ஆரம்பித்தாள். நீலத் திரையில் பச்சைக் கட்டம் மெல்ல நகர்ந்தது.

தம்.

டிரம் சுற்றுகிறது என்று நினைத்தாள். உள்ளே தோல் விழுந்து புரளும்போது அப்படித்தான் சத்தம் வரும்.

தம். தம்.

இன்று விடுமுறை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. செங்கல் சுவரோரமாகக் கிடந்தது. தம் என்ற ஒவ்வொரு சத்தத்துக்கும் கதவுப் பலகை அதிர்ந்தது. தட்டுவது வெளியே இருந்து இல்லை. அவளுக்கும் கதவுக்கும் நடுவில் யாரும் இல்லை, ஆனால் தட்டல் இந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இடுப்பு உயரத்தில், அதற்குக் கீழே, இன்னும் கீழே. நின்று தட்டியவர் உட்கார்ந்து, பிறகு படுத்துத் தட்டுவதுபோல.

காலையிலிருந்து மூக்கை விட்டுப் போகாமலிருந்த வாடை இப்போது இல்லை.

சுத்தமாக இல்லை.

"அக்கா," என்றது ஒரு குரல், கதவின் அடியிலிருந்து. "தொறக்கச் சொல்லுக்கா."

கிருபா எழுந்து போனாள். கால் தரையில் படுவது தெரியவில்லை. கை வைத்ததும் கதவு லேசாகத் திறந்துகொண்டது. வெளியே வெயில் காய்ந்தது. வாடை திரும்பி வந்தது. நடையில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்த பஞ்சாட்சரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தீக்குச்சியை அணைத்தார்.

டிரம் ஏதாவது ஓடியதா என்று கேட்டாள். டிரம்முக்குக் கரண்டே போடவில்லை என்றார் அவர். பிறகு அவள் கேட்காமலே சொன்னார். பூங்குழலி, அந்த ரூமில் வேலை பார்த்தவள், குடியாத்தம் பக்கத்துப் பெண். கல்யாணம் ஆகி ரொம்ப நாள் கழித்து உண்டாகியிருந்தாள், ஆறாவது மாதம். கெமிக்கல் திருட்டுப் போகிறது என்று, உள்ளே ஆள் இருந்தாலும் அந்த ரூமை வெளியிலிருந்து பூட்டி வைக்கிற வழக்கம் அப்போது இருந்தது. ஒரு நாள் யாரோ ஆசிட் தண்ணியை, ரூமை ஒட்டிப் போகும் சுண்ணாம்புக் கால்வாயில் திறந்துவிட்டான். இரண்டும் கலந்தால் கேஸ் வரும். அந்தக் கேஸ் முதலில் மூக்கைத்தான் கொல்லும். அப்புறம் ஆளை. அவள் கதவைத் தட்டியது ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. டிரம் சத்தம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"நீ வூட்டுக்குப் போம்மா," என்றார் பஞ்சாட்சரம். "அந்த மெஷினு இன்னா ஆனா உனக்கு இன்னா."

கிருபா உள்ளே போனாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. வேலை பாதியில் நின்றது, அவ்வளவுதான்.

முனீர் தொழுகை முடிந்து வந்தபோது எக்ஸ்பி ஏறியிருந்தது. பாஸ்வேர்ட் எட்டு எழுத்தாவது இருக்க வேண்டும், யாரும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பது கம்பெனிக்காரனின் கட்டளை. யாரும் ஊகிக்க முடியாத ஒரு பெயர் கிருபாவிடம் இருந்தது. எட்டாம் மாதத்தில் பிறந்து ஒரு ராத்திரி மட்டும் இருந்த குழந்தை அது. ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. ஆஸ்பத்திரியில் 'கிருபாவின் பெண் குழந்தை' என்றுதான் எழுதினார்கள். அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயரை டைட்டஸிடம்கூடச் சொன்னதில்லை. அதை டைப் அடித்தாள். மெஷினை அணைத்துப் போட்டாள்.

பாஸ்வேர்ட் கட்டம் வந்தது. அவள் கை மடியில் இருந்தது. கட்டத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

தவறு என்றது திரை.

மறுபடி புள்ளிகள். மறுபடி தவறு. புள்ளிகள் விழும் வேகம் கூடிக்கொண்டே போனது. முனீரின் உதடுகள் எதையோ ஓதிக்கொண்டிருந்தன.

"இது ஒண்ணுக்கு மட்டும் பாஸ்வேர்ட் வேண்டாம் சார்," என்றாள் கிருபா. "பழையபடி விட்டுடலாம். பாவம்."

முனீர் அகமது திரையைப் பார்க்காமல் தலையாட்டினார். முடியாதாம். முந்நூறு குடும்பம் இருக்கிறதாம். "பூட்டிட்டு வந்துடும்மா," என்று சொல்லிவிட்டு, வேகமாக வெளியே நடந்தார்.

கிருபா தனியாக நின்றாள். புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. கதவு தட்டுவதைப் போலவே இருந்தது அது. வாடை மறுபடி மங்க ஆரம்பித்தது.

குனிந்து, திரையோடு முகத்தை ஒட்டிவைத்து, தூங்குகிறவளை எழுப்பாமல் பேசுவதுபோலச் சொன்னாள்.

"அன்பரசி. ஏ, என், பி, ஏ. ஆர், ஏ, எஸ், ஐ."

புள்ளிகள் நின்றன.

பிறகு மெதுவாக, விரல் பழகாதவர்கள் அடிப்பதுபோல, எட்டுப் புள்ளிகள் விழுந்தன. திரை திறந்தது. யாரோ வெகுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் விட்டார்கள்.

ஆடிட் தேறியது. சுந்தரமூர்த்தி அவளுக்கு ஒரு பெட்டி ஆற்காடு மக்கன் பேடா வாங்கிக் கொடுத்தார். அவள் சாப்பிட்டாள். இனிப்பு தெரியவில்லை.

சித்திரை பிறந்து கொஞ்ச நாள் கழித்து, கடைக்கு ஒரு போன் வந்தது. பஞ்சாட்சரம். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை. கெமிக்கல் ரூமில் இப்போது தட்டுகிற சத்தம் இல்லை என்றார். ஒரு தடவைகூட இல்லை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார். ஆனாலும் போனை வைக்கவில்லை.

"வேற இன்னா அண்ணா?"

"தாலாட்டு கேக்குதும்மா. வெள்ளிக்கெழம, ஆளுங்க இல்லாதப்ப." அவர் குரல் தாழ்ந்தது. "மொதல்ல அவ மட்டுந்தான் பாடினா. இப்ப கூடவே ஒரு கொழந்த அழுவுது. அன்பரசி, அன்பரசின்னு கூப்புட்டா அழுவ நின்னுடுது. அது யாரும்மா, அன்பரசி?"

கிருபா ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். போனில் அவர் மூச்சுக்குப் பின்னால், ரொம்பத் தூரத்தில், பிறந்த குழந்தையின் வீறல் ஒன்று கேட்டது. கேட்டதா என்று யோசிப்பதற்குள் மார்பில் ஏதோ சூடாக இறங்கியது. குனிந்து பார்த்தாள். மாத்திரை போட்டு வற்றவைத்து மூன்று மாதம் ஆகிறது.

ரவிக்கையின் முன்பக்கம் பாலால் நனைந்துகொண்டிருந்தது.