கூப்பிடுகுருவி

வலைபோட ஆளில்லாத களப்பில் கூப்பிடுகுருவி கத்தியது.

தறியில் இருந்த சபூறாவின் கால் மிதிபலகையில் அப்படியே நின்றது. மருதமுனையில் பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்கு வீட்டுக்கு வீடு தறி ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தடக் தடக்குக்குள்ளும், முற்றத்துக் கொடியில் காய்கிற சாயநூலின் புளித்த வாடையோடு சேர்ந்து, மேற்கே உப்புநீர் தேங்கிய களப்பிலிருந்து அது தெளிவாக வந்தது. ட்டியூ... ட்டியூ... ட்டியூ. ஒரு மூச்சு விடுகிற நேரம் மௌனம். மறுபடி, ட்டியூ... ட்டியூ... ட்டியூ.

தன்பாட்டில் திரிகிற உள்ளான் குருவி இப்படிக் கத்தாது. ஓடும், கத்தும், எழும்பும், பறக்கிற போக்கில் கத்தும். சத்தம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் நின்று ஒரே அளவில் கத்துவது கட்டிப்போட்ட குருவி ஒன்றுதான். காலில் கயிறு. கண்ணில் தையல்.

அந்தத் தையலைப் போடுகிறவள் சபூறா.

அவளுடைய புருசன் பக்கீர் உள்ளான் பிடிக்கிறவன். கறிக்கு அல்ல. மாரியோடு வந்திறங்கிய குருவிகள், பங்குனி சித்திரையில் வடக்கே திரும்பும்வரை, களப்புச் சேற்றில் ஆயிரமாயிரமாய்க் கூடித் தின்று கொழுக்கும். அதைப் பார்க்கவென்று கொழும்பிலிருந்து தொப்பி போட்ட துரைமார் ஜீப்பில் வருவார்கள். பக்கீர் பிடித்துக் கொடுக்கிற குருவிகளின் காலில் மெல்லிய வளையம் பூட்டி, முத்தம் கொடுக்காத குறையாகப் பறக்க விடுவார்கள். "பொண் புள்ளைக்குக் கூட இப்பிடிக் கொலுசு போட மாட்டானுகள் புள்ள" என்று பக்கீர் சிரிப்பான்.

பிடிக்கிற விதம் இதுதான். முதலில் ஒரு பச்சைக்கால் உள்ளானைக் கைக்குள் அமுக்கிப் பிடித்துக்கொள்வான். சபூறா தறிநூலில் ஒரு இழை எடுத்து, கீழிமையின் விளிம்பில் ஊசி ஏற்றி, இரண்டு பக்கத்து நூலையும் தலைக்கு மேலே கொண்டுபோய் உச்சியில் முடிவாள். தறியில் அறுந்த பாவு நூலைப் பிணைக்கிற சின்ன முடிச்சு. கண் மூடிக்கொள்ளும். கண் தெரியாத குருவி பதறாது. அதற்கு இரைப்பை முட்ட இறால்குஞ்சு ஊட்டிச் சேற்றில் கட்டிவிட்டு, பக்கீர் கண்டல் மரத்துக்குள் குந்தியிருப்பான். வானத்தில் போகிற கூட்டம் கீழே பார்க்கும். தங்களில் ஒன்று கொழுகொழுவென்று நிம்மதியாய் நின்று கூப்பிடுகிறது. இறங்கிவிடும். அப்போது பக்கீர் கயிற்றைச் சுண்ட, நாலு பக்கமும் வலை எழும்பி மூடிக்கொள்ளும்.

"இதுக்கு என்ன பேய் புடிச்சு அதுகளக் கூப்பிடுது?" என்று ஒருமுறை சபூறா கேட்டாள். "தனக்கு வந்த கெதி அதுகளுக்கும் வரும் எண்டு தெரியாதா?"

"தனிமை புள்ள. துணைக்குக் கூப்பிடுது."

கூட்டம் வடக்கே கிளம்புகிற அந்தியில் சபூறா தன் கையாலேயே நூலை வெட்டிவிடுவாள். குருவி ஒருதரம் கண்ணைச் சிமிட்டும். போய்விடும்.

போன கார்த்திகையில், சூறாவளி வந்த அன்று, குருவி களப்பில் கட்டியபடி நின்றது. ஓட்டுக்கூரை கிறீச்சிடத் தொடங்கும்போது பக்கீர் சாரத்தை மடித்துக் கட்டினான். "கண்ணத் தச்சுக் கட்டிப் போட்டிரிக்கம். அதுக்கு எங்கால ஓடுறதெண்டு தெரியுமா? சுறுக்கா எடுத்துட்டு வாறன்."

காற்று அடங்கியபோது களப்பில் கூரைகள் மிதந்தன, மாடுகள் மிதந்தன, ஆக்கள் மிதந்தார்கள். பக்கீர் மட்டும் மிதக்கவில்லை.

மையித்துக் கரையொதுங்கவில்லை. ஜனாஸா தொழுது அடக்கவில்லை. சபூறா விதவைக்குரிய வெள்ளை உடுத்தி, வீட்டோடு இத்தா இருக்கவும் இல்லை. அவளுடைய அண்ணன், மீராமுகைதீன் காக்கா, சொல்லிச் சொல்லி அலுத்தபோது ஒரு தவணை சொன்னாள். "அவரு குருவிக்குப் போன ஆள். உள்ளான் போறத்துக்குள்ள வரல்லயெண்டா, நான் இத்தா இரிக்கன். அதுவரைக்கும் அவரு மவுத்தெண்டு ஒருத்தரும் இந்த வாசல்ல கதைக்கப்படாது."

இப்போது சித்திரை பிறந்து விட்டது. களப்பில் கூப்பிடுகுருவி கத்துகிறது.

துரை ஒருவர் பக்கீருக்குக் கொடுத்திருந்த தூரக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சபூறா வெளியே வந்தாள்.

கரை நெடுக, சூறாவளி தலையைத் திருகிக்கொண்டு போன தென்னைகள் மொட்டைமொட்டையாய் நின்றன. வெயில் சாய்ந்து சேறு முழுக்கச் செம்புத் தகடாய் மினுங்கியது. அழுகிய கண்டல் இலையும் மீனும் குருவி எச்சமும் சேர்ந்த நெடி தொண்டையில் ஒட்டியது. கண்ணாடிக்குள் உள்ளான்கள் தலை குனிந்து, அலகைச் சேற்றில் குத்திக் குத்தி, ஒன்றின் மேல் ஒன்று நெருக்கியடித்து மேய்ந்தன. சத்தம் வந்த இடத்துக்குக் கண்ணாடியை நகர்த்தினாள்.

அங்கே குருவி இல்லை. வட்டமாய் வெறும் சேறு. பாய் விரிக்கிற அளவு. இத்தனை நெரிசலிலும் ஒரு குருவி அதற்குள் கால் வைக்கவில்லை.

ட்டியூ... ட்டியூ... ட்டியூ. அந்த வெறும் இடத்திலிருந்து வந்தது.

மறுநாள் அஸருக்குப் பிறகு மீராமுகைதீனும் கூட வந்தான். வந்ததே நக்கலுக்குத்தான். "குருவி பாக்கிற வேலைக்குக் கெவுமெந்து சம்பளம் போட்டா, நீதான்கா மொதல் ஆள். பென்சனும் கிடைக்கும்."

சபூறா கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். அந்த வட்டத்தில் இன்று ஆள் நின்றது.

முதுகு காட்டி நின்றது. முழங்கால் அளவு சேற்றில். நீலக் கட்டம் போட்ட சாரம், ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. அந்தச் சிவப்பு பக்கீருக்காக அவள் வேண்டுமென்றே தறியில் ஓட்டியது, கடையில் வாங்கின சாரத்தோடு மாறாமல் இருக்க. மனுசன் நிழல் பட்டாலே கூட்டத்தோடு எழும்புகிற குருவிகள் அந்த ஆளைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று கூட நிமிரவில்லை.

"காக்கா." அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அந்தா. பாருங்க. அவரு."

அவன் கண்ணாடியைப் பிடுங்கி வெகுநேரம் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு போயிருந்தது. ஆனால் பயத்தினால் அல்ல, இரக்கத்தினால்.

"வலைக் கம்புகா அது. பக்கீர் மச்சான் ஊண்டின கம்பு. கந்தல் ஒண்டு சுத்திக் கிடக்கு."

"அந்தா, தோள் திரும்புது. கம்பு கிறுகுமா காக்கா?"

"உனக்குக் கண் பூத்துப் போச்சு புள்ள. வா, பொழுதுபட்டு மஹ்ரிபு ஆகிற நேரத்தில பொம்புள நிக்கிற இடமா இது? உன்ட மகள் வீட்டில தனிய இரிக்காள்."

அவன் இழுக்க இழுக்கத் திரும்பி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் குருவி கத்தியது. மூன்று தரம். ஒரு மூச்சு. அடுத்த தரம் அது குருவிச் சத்தமாய் இல்லை.

"சபூறா... வா புள்ள... வா..."

காக்காவைப் பார்த்தாள். அவன் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

அன்றிரவு அவளுடைய மகள் நதீரா தூக்கத்தில் புரண்டு படுத்து, "வாப்பா கூப்பிர்ரார்" என்றாள்.

அடுத்த நாள் காற்று தென்கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியது. சபூறாவுக்குத் தெரியும். இந்தக் காற்றுக்குத்தான் உள்ளான் காத்திருக்கும். மத்தியானத்திலிருந்தே கூட்டம் மேயவில்லை. எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி, மறுபடி எழும்பி, வானம் முழுக்க ஒரே கீச்சிடலாய்க் கிடந்தது. இன்று போய்விடும். இன்றோடு அவளுடைய தவணையும் போய்விடும். நாளைக்கு வெள்ளைப் புடவை.

நதீராவைக் காக்கா வீட்டில் விட்டாள். "வெளிய வரப்படாது மகள். உம்மா சுறுக்கா வாறன்." சொல்லும்போதே, இதே சொல்லை இதற்கு முன் யார் சொன்னது என்று நெஞ்சில் ஒன்று இடறியது. நிற்கவில்லை. நடந்தாள்.

அவள் கரைக்கு வரவும் கூட்டம் எழும்பியது. ஆயிரம் இறக்கை ஒன்றாய் அடிக்கிற காற்று முகத்தில் மோதியது. களப்பே தன் தோலை உரித்து வானத்தில் வீசினாற்போல ஒரு கரும்போர்வை மேலே போய், வளைந்து, நீண்டு, வடக்கே திரும்பி, பெரியநீலாவணைப் பக்கத்து மொட்டைத் தென்னைகளுக்கு மேலால் மெலிந்து மெலிந்து நூலாகி, இல்லாமல் போயிற்று.

பிறகு களப்பில் ஒன்றும் இல்லை. சேறு. தண்ணீர். தவளைகளின் இரைச்சல்.

அவன் மட்டும் நின்றான்.

சபூறா சேற்றில் இறங்கினாள். கணுக்கால் புதைந்தது. இளஞ்சூடு. "இஞ்சாருங்க" என்றாள். குரல் எழும்பவில்லை. "இஞ்சாருங்க, நான் வந்திட்டன்."

"வா புள்ள... வா..."

ஒரு மூச்சு மௌனம்.

"வா புள்ள... வா..."

முகம் கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பியது. பக்கீர்தான். அவன் மூக்கு. அவன் தாடி. கன்னம் மட்டும் உப்பியிருந்தது. ஐந்து மாசம் தண்ணீரில் கிடந்தவன் மெலிந்திருக்க வேண்டாமா? கொழுத்திருந்தான். தொண்டைக்குக் கீழே முட்டிக்கொண்டு நிற்கிற அளவு தின்றவன் மாதிரி. முகத்தில் அத்தனை நிம்மதி.

நெற்றியில் இரண்டு வெள்ளைக் கோடு. வியர்வை என்று நினைத்தாள்.

இன்னும் கிட்டப் போனாள்.

நூல்.

இரண்டு கண்ணின் கீழிமையிலிருந்தும் ஏறி, நெற்றியில் இறுகி, உச்சியில் முடிந்த நூல். கீழிமைகள் மேலே இழுபட்டுக் கண்ணை மூடியிருந்தன. தையல் நெருக்கம். ஒரே அளவு.

பார்வை தன்னால் கீழே போனது. கணுக்காலில் கறுப்பாய் ஒரு கயிறு. வழவழப்பாய். சேற்றுக்குள் போனது. அது இழுபட்டது. அந்த இழுப்புக்கு அவன் வாய் திறந்தது.

"வா புள்ள... வா..."

வலைக்காரன் தன் சத்தத்தை முழுக்க அடக்கிக்கொள்ள வேண்டும் என்று பக்கீர் அடிக்கடி சொல்வான். அவன் குந்தியிருக்கிற இடத்தைச் சுற்றித் தவளை கூட வாய் திறக்காதாம்.

சபூறா உற்றுக் கேட்டாள்.

தவளைகள் நின்றிருந்தன.

திரும்பினாள். கரை தெரிந்தது. ஓடக் காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. அவளைச் சுற்றி, பாய் விரிக்கிற அளவுக்குச் சேறு மெல்ல உயர்ந்தது. நாலு பக்கமும். ஒன்றாக.

இருட்டு.

முதலில் தெரிந்தது வயிறு நிறைந்திருப்பது. எதைத் தின்றோம் என்று தெரியவில்லை. பிறகு கணுக்காலில் ஓர் இறுக்கம். கண்ணைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. விரலால் தடவினாள். நெற்றியில் நூல். முக்காட்டுக்குள் போய், உச்சியில் முடிச்சு. அறுந்த பாவு நூலைப் பிணைக்கிற முடிச்சு. விரலுக்கு அது பழக்கம். அவிழ்க்க மட்டும் விரல் மறுத்தது.

எத்தனை அந்தி போயிற்றோ. பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொல்வது கேட்டது. வெகு தூரத்தில்.

பக்கத்தில் பக்கீர் கூப்பிட்டுக்கொண்டு நின்றான். வா... வா... இவ்வளவு கிட்டத்தில் நின்று கேட்கும்போதுதான், அந்தச் சத்தத்துக்கு அடியில், தொண்டைக்குள்ளேயே நெரிபட்டுச் சாகிற மற்றச் சத்தம் அவளுக்குக் கேட்டது. போ. வராதே. ஓடு புள்ள, ஓடு. அவன் அத்தனை நாளும் கத்தியது அதைத்தான். வாயைத் தாண்டும்போது அது வேறொன்றாய் வெளியே வந்தது.

அந்தக் குருவிகளும் அதைத்தான் கத்தினவா? ஒவ்வொரு வருசமும்?

"உம்மாஆ!"

கரையில் நதீரா.

"மாமா, அந்தா உம்மா! வாப்பாவும் பக்கத்தில நிக்கார்!"

சபூறா நெஞ்சு வெடிக்கக் கத்தினாள். வராதே மகள். கிறுகி ஓடு. அல்லாவுக்காக ஓடு மகள்.

கணுக்காலில் கயிறு இழுபட்டது.

"வா மகள்... வா..." என்றது அவள் வாய். இதமாய். தறியிலிருந்து சோறு தின்னக் கூப்பிடுகிற அதே குரல்.

ஒரு மூச்சு மௌனம்.

"வா மகள்... வா..."

"அல்ஹம்துலில்லாஹ்!" கரையில் மீராமுகைதீன் அழுதுகொண்டே சிரித்தான். "சுகமா நிக்கிறாங்க மகள், ரெண்டு பேரும் சுகமா நிக்கிறாங்க! பொறு, கையைப் பிடி, நானும் வாறன்!"

சளக். சளக். சேற்றில் கனத்த காலடிகள். அவற்றுக்கு முன்னால், கையை உதறிக்கொண்டு, துள்ளித் துள்ளி ஓடி வருகிற சின்னக் காலடிகள்.

களப்பில் தவளைகள் ஒவ்வொன்றாய் வாயை மூடிக்கொண்டன.