துப்பாக்கிக் குழலும் தையல் நூலும்

வாசலில் தையல்காரி நிற்பதைப் பார்த்ததும் புது ஜன்னல் திரை தயாராகிவிட்டது என்றுதான் 'அவசரம்' என்று பட்டப்பெயர் வாங்கிய வீட்டுக்காரர் நினைத்தார். "திரை வந்தாச்சு!" என்று உள்ளே பார்த்துக் கூவியும் விட்டார். அவள் கையில் திரை இல்லை. இடது கையின் இரண்டு விரல்களில் கட்டு இருந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, அக்கா இருக்காங்களா?"

அவள் கேட்டது அவருடைய மனைவியை. காப்பீட்டுக் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எரிந்த கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா, மாடிப்படியில் விழுந்தவர் நிஜமாகவே விழுந்தாரா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். தெருவுக்கு அவர் விசாரணையம்மா. கணவரைத் தெரு அவசரம் என்று கூப்பிடும். எந்த விஷயத்திலும் குற்றவாளி யார் என்று முதல் ஆளாகச் சொல்லிவிடுவார். அவர் சொன்ன ஆள் மட்டும் இதுவரை ஒரு தடவைகூடக் குற்றவாளியாக இருந்ததில்லை.

"உட்காரும்மா," என்றார் விசாரணையம்மா. "விஷயம் காதுல விழுந்துது. நீ முதல்லேர்ந்து சொல்லு."

தையல்காரியின் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு ஏர்கன்னை, காற்றின் வேகத்தில் குண்டு பாயும் துப்பாக்கியை, வாங்கி வந்து, மாதக்கணக்கில் சாயங்காலமெல்லாம் அதோடுதான் உட்கார்ந்திருந்தார். புது ஸ்பிரிங் போட்டார். தோல் வாஷரைத் தானே வெட்டி எண்ணெயில் ஊறவைத்தார். குறிபார்க்க மேலே ஒரு லென்ஸ் மாட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்த மாதிரிதான் இருந்தது.

"அட்டையில சுட்டுட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு அக்கா. அஞ்சு ஓட்டையையும் ஒரு கோட்டுப் பட்டன் மறைச்சிடும், அவ்வளவு பக்கத்துல பக்கத்துல! சின்னப் பிள்ளை மாதிரி குதிச்சாரு. அப்புறம் ட்ரிகர் கொஞ்சம் இறுக்கமா இருக்குன்னு மறுபடி எடுத்தாரு. அப்பப் பார்த்து, கொடியில காயப்போட்டிருந்த வெள்ளைத் துணி மேல புறா அசிங்கம் பண்ணிடுச்சு. ஒரு வாடிக்கைக்காரங்களோட துணி. நான் கத்தினேன். நான் கத்தியிருக்கவே கூடாது."

புறாக்கள் அடுத்த வீட்டுக்காரருடையவை. மெக்கானிக் குழலை மடக்கின வாக்கிலேயே துப்பாக்கியை மேஜை மேல் போட்டுவிட்டு, பின்கட்டுச் சுவருக்கு ஓடினார். புறாக்காரருக்கும் வாய் நீளம். ஒன்றுக்கு இரண்டாகப் பேச்சு வளர்ந்தது.

"'இன்னொரு தடவை வந்தா புறாவையும் சுடுவேன், உன்னையும் சுடுவேன்'னு சொல்லிட்டாரு. தெருவே கேட்டுச்சு."

மறுநாள் காலை கோபமெல்லாம் தணிந்திருந்தது. பின்கட்டுச் சுவரோரம் ஒரு தகர டப்பாவை வைத்துச் சுட்டுப் பார்த்தார். டப்பா அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்டது. புறாக்காரரின் வலது கண் போய்விட்டது. போலீஸ் வந்து மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனது.

"சரி, குறி தப்பியிருக்கும்," என்றார் அவசரம். "இல்லேன்னா அந்த லென்ஸை யாராவது திருகி வச்சிருப்பாங்க. புறாக்காரருக்கு ஒரு தம்பி இருக்கான் இல்ல? அவன் பார்வையே சரியில்லை."

"கொஞ்சம் சும்மா இருங்க."

"போலீஸ் சொல்றதைக்கூட நான் தாங்கிக்குவேன் அக்கா. அவரே சொல்றாரு, நான்தான் செஞ்சேன்னு! 'டப்பாவைத்தான் பார்த்தேன். ஆனா ராத்திரி முழுக்க அந்த ஆளு மூஞ்சிதான் கண்ணுக்குள்ள இருந்துச்சு. கை தானா மேல போயிருக்கும். என்னை நானே நம்பலை'ங்கறாரு. வக்கீல் வேண்டாங்கறாரு. சாப்பிட மாட்டேங்கறாரு." அவள் கட்டுப்போட்ட கையால் கண்ணைத் துடைத்தாள். "அவர் வேணும்னு செய்யலைன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. எனக்கு அது போதும்."

"கையில என்ன கட்டு?"

"அலமாரிக் கதவுல நசுங்கிடுச்சு அக்கா. அதை விடுங்க."

கட்டு நனைந்து அழுக்காகியிருந்தது. பேசிக்கொண்டே விசாரணையம்மா அதைப் பிரித்து, மருந்து வைத்து, வேறு துணி சுற்றிவிட்டார். நகத்துக்குக் கீழே பிறை போல வளைந்து வெட்டியிருந்தது. "எந்த அலமாரி?" என்று அவர் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பழைய வழக்குகளில் விசாரணையம்மாவோடு பழகியவர். மத்தியானம் மெக்கானிக்கையும் துப்பாக்கியையும் மெக்கானிக் வீட்டுக்கே கொண்டுவந்தார். "உங்களுக்காக வந்தேம்மா. ஆனா இதுல பார்க்கிறதுக்கு ஒண்ணுமில்லை. மிரட்டினான், மறுநாள் சுட்டான், ஒத்துக்கிட்டான்."

பின்னறைதான் பட்டறை. ஒரு பக்கம் மெக்கானிக்கின் மேஜை, அதில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் சிறிய வைஸ், எண்ணெய்க் கிண்ணம், மீந்துபோன தோல் துண்டுகள். மறுபக்கம் அவளுடைய தையல் மெஷின். இருவர் உட்கார்ந்தால் முதுகோடு முதுகு இடிக்கும். ஓட்டை விழுந்த அட்டை இன்னும் மேஜை மேலேயே இருந்தது. அவள் சொன்னதில் மிகை இல்லை.

மெக்கானிக் மூலையில் தலையைக் குனிந்து நின்றார்.

"துப்பாக்கி அன்னிக்குக் காலையில எப்படி இருந்துது?" என்று விசாரணையம்மா கேட்டார்.

"மூடித் துணி போர்த்தி இருந்துதும்மா."

"நீங்களா மூடினீங்க?"

"மூடியிருப்பேன். கோபத்துல எதுவும் ஞாபகமில்லை. பார்த்தீங்களா, செஞ்சது எதுவுமே எனக்கு ஞாபகம் இருக்க மாட்டேங்குது. அதுவும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்."

அவசரம் துப்பாக்கி மேலிருந்த லென்ஸை முகர்ந்து பார்க்காத குறையாக ஆராய்ந்தார். அதன் திருகுகள் மேல் சிவப்பாக ஏதோ துளித்துளியாகக் காய்ந்திருந்தது. "ரத்தம்!" என்றார்.

"நெயில் பாலிஷ் அண்ணே," என்றாள் தையல்காரி. "திருகு நகராம இருக்க என்னோடதை எடுத்து வச்சாரு."

"ஒரு துளிகூட விரிசல் விடலை," என்றார் விசாரணையம்மா. "யாரும் லென்ஸைத் தொடலைங்க. புறாக்காரர் தம்பியை விட்டுடுங்க."

பிறகு அவர் துப்பாக்கியின் மரக்கட்டையைத் தடவினார். பிடிக்கும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. "இது முன்னாடியே இருந்துதா?" மெக்கானிக் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, இல்லை என்று அசைத்தார்.

"கொஞ்சம் நூல் குடும்மா. அறுந்துபோகாத நூலா."

தையல்காரி தேடி எடுத்துக் கொடுத்தாள். விசாரணையம்மா நூலைக் குழலின் முதுகில் அடியிலிருந்து நுனிவரை இழுத்துப் பிடித்தார். நேரான குழலில் நூல் நெடுக ஒட்டிக் கிடக்க வேண்டும். இதில் அடிப்பக்கத்தில் நூலுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு பட்டன் நுழையும்போல் இடைவெளி தெரிந்தது.

"குழல் மேல்நோக்கி வளைஞ்சிருக்கு. லென்ஸ் இருக்கிறது குழல் மேல இல்லை, பின்னாடி துப்பாக்கியோட உடம்பு மேல. அதனால லென்ஸ் டப்பாவைத்தான் பார்க்கும். குண்டு வேற இடத்துக்குப் போகும். இன்ஸ்பெக்டர், நீங்களே சுட்டுப் பாருங்க. டப்பாவுக்குப் பின்னாடி ஒரு உயரமான பலகையை நிறுத்திக்குங்க. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பி அடுத்த வீட்டுப் பின்கட்டைக் காலி செய்தார். டப்பாவைக் குறிபார்த்துச் சுட்டார். டப்பா அப்படியே இருந்தது. பலகையில், சுவரின் விளிம்புக்கும் மேலே, ஒரு ஆள் எட்டிப் பார்த்தால் முகம் இருக்கும் உயரத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அவசரம் கைதட்டப் போனவர், மனைவியின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார். அந்த முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

"நீ போய் எல்லாருக்கும் கொஞ்சம் டீ போட்டுக் கொண்டாம்மா," என்றார் விசாரணையம்மா தையல்காரியிடம். அவள் முகம் மலர்ந்து உள்ளே போனாள். பாவம், விடுதலை வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

"துப்பாக்கிதான் கோணல். அவர் கை இல்லை. இதோட விட்டுடலாமே, இன்ஸ்பெக்டர்?"

"எப்படிம்மா விடறது? நாங்க வந்து சேர்றதுக்குள்ள இவனே முழங்கால்ல வச்சு வளைச்சிருக்கலாம்னு கோர்ட்டுல கேட்பாங்க. சாயங்காலம் நேரா இருந்த குழல், காலையில எப்படி வளைஞ்சுது? யாரு வளைச்சது? அது தெரியாம நான் ஒண்ணும் எழுத முடியாது."

விசாரணையம்மா கொஞ்ச நேரம் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில், தெரிந்த பதிலைச் சொல்ல அவர் தயங்கியதை அவசரம் பார்த்ததில்லை.

"ஒரு விஷயம் சொல்லுங்க," என்று மெக்கானிக்கிடம் கேட்டார். "ஸ்பிரிங்கை இழுத்த வாக்கிலேயே ரொம்ப நேரம் வச்சா என்ன ஆகும்?"

"களைச்சுப்போயிடும்மா. அப்புறம் அதுக்குப் பலம் இருக்காது. இழுத்தா உடனே விட்டுடணும். வீட்டுல பத்துத் தடவை சொல்லியிருப்பேன்."

"அதைத்தான் நினைச்சேன். இதுல குழலை மடக்கினாத்தான் ஸ்பிரிங் இழுபடும். சனிக்கிழமை நீங்க மடக்கினீங்க, மூடலை. சண்டைக்கு ஓடிட்டீங்க. அந்த நேரத்துல யாரோ உள்ள வந்து பார்த்திருக்காங்க. 'ஐயையோ, ஸ்பிரிங்கை இப்படியே விட்டுட்டுப் போயிட்டாரே, இத்தனை மாசப் பாடு வீணாப்போயிடுமே'ன்னு பதறியிருக்காங்க. குழலை முதல்ல மூடணும்னு தெரியலை. மடங்கினபடியே ட்ரிகரை இழுத்துட்டாங்க. ஸ்பிரிங் பாய்ஞ்ச வேகத்துல குழல் படீர்னு மேல வந்து அடிச்சு மூடிக்கிச்சு. அந்த அடியில குழல் வளைஞ்சுது, கட்டை விரிஞ்சுது."

அவர் குழலை மெல்ல மடக்கினார். வாய் திறந்த இடத்தில் இரும்பு விளிம்பு அரைவட்டமாக இருந்தது. அதன் உள்பக்கம் காய்ந்த ரத்தக் கறை படிந்திருந்தது.

"இது நெயில் பாலிஷ் இல்லைங்க. இங்க விரல் மாட்டியிருக்கு. கதவுல நசுங்கினா நேர்க்கோடா இருக்கும். இதுல நசுங்கினாத்தான் பிறை மாதிரி வெட்டும். மெக்கானிக்கோட விரல்களைப் பாருங்க, ஒரு கீறல்கூட இல்லை."

பேசி முடித்தபோது வாசலில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது. தையல்காரி டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவசரம் தட்டை வாங்கிக்கொண்டார்.

"அவருக்கு நல்லது செய்யறதா நினைச்சேங்க," என்றாள். "வலி உயிர் போச்சு. ஆனா துப்பாக்கி நல்லாத்தானே மூடிக்கிச்சு. பார்க்க எப்பவும் போலத்தான் இருந்துச்சு. துணியைப் போட்டு மூடிட்டேன். ஏற்கெனவே கோபமா இருக்காரே, தொட்டேன்னு சொன்னா வருத்தப்படுவாருன்னு சொல்லலை."

இன்ஸ்பெக்டர் அவள் கட்டை அவிழ்க்கச் சொல்லி, காயத்தை அந்த விளிம்போடு வைத்துப் பார்த்தார். பொருந்தியது. அவர் எழுதத் தொடங்கினார்.

மெக்கானிக் மேஜையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். "நான் செய்யலையா? என் கை தப்புப் பண்ணலையா?" அழுகையும் சிரிப்புமாக அதையே சொன்னார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிய மனிதனுக்கு வாயில் என்ன வருகிறது என்று தெரியுமா? மனைவி பக்கம் திரும்பினார். "தொட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கையில எடுத்ததும் குழலைப் பார்த்திருப்பேனே!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. "இல்ல, நான் அந்த அர்த்தத்துல..." என்று அவள் பக்கம் போனார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கட்டு அவிழ்த்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீயை யாரும் குடிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவசரம், "அவளாத்தானே வந்து கேட்டா?" என்றார்.

"ஆமாங்க. அவளாத்தான் வந்து கேட்டா."

மெக்கானிக்கை ஜாமீனில் விட்டார்கள். வேண்டுமென்றே சுட்டதாக இருந்த வழக்கு, கவனக்குறைவு என்று மாறியது. புறாக்காரர் ஒற்றைக் கண்ணோடு வீடு திரும்பினார். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து யார் போய் என்ன சொல்வது? யாரும் போகவில்லை.

விரல் ஆறுவதற்கு முன்பே தையல்காரி ஜன்னல் திரையைக் கொண்டுவந்தாள். அவசரம் நாற்காலியில் ஏறி அதை மாட்டினார். தையல் அங்கங்கே கொஞ்சம் கோணியிருந்தது. அவள் கையில் அப்படி ஒருநாளும் வராது.

"கை சும்மா இருந்தா அதையேதான் நினைக்குது அக்கா," என்றாள். பிறகு, இதைக் கேட்கத்தான் வந்தவள் போல, "அன்னிக்கே நான் சொல்லியிருந்தா, அவர் நிஜமாவே குழலைப் பார்த்திருப்பாரா?" என்று கேட்டாள்.

மூடின துப்பாக்கியைக் கையில் எடுத்தால் எந்த மெக்கானிக்கும் அவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டார். ஆனால் அடிபட்டது என்று தெரிந்தால் முதலில் பார்ப்பது குழலைத்தான். விசாரணையம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

"பார்த்திருக்க மாட்டாரும்மா," என்றார். "பார்த்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

தையல்காரி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரையின் ஓரத்தில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வரலை அக்கா," என்றாள். "ஆனாலும் சொன்னீங்களே, அது போதும்."